கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது, என்ன பண்றது?" சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு உறவினர்களிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் அடிக்கடி வரும் கேள்வி இது. இதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்பேன். கேபினட்டில் விளக்கு எரிகிறதா? உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறதா? மானிட்டரில் ஏதாவது எழுத்து அல்லது படம் வருகிறதா?

ஏனென்றால், "ஆன் ஆகவில்லை" என்பது ஒரு கோளாறின் பெயர் அல்ல. குறைந்தது நான்கு வகைக் கோளாறுகளை நாம் இந்த ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். மின்சாரமே வராத கம்ப்யூட்டரும், விண்டோஸ் படம் வந்து பாதியில் நிற்கும் கம்ப்யூட்டரும் ஒன்றல்ல. முன்னதில் விண்டோஸை மீண்டும் பதிந்து பயனில்லை. பின்னதில் மதர்போர்டை மாற்றிப் பயனில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைத் தெரிந்துகொள்வது இரண்டு காரணங்களுக்காக அவசியம். ஒன்று, தேவையில்லாத செலவைத் தவிர்க்கலாம். இன்னொன்று இதைவிட முக்கியம். அவசரத்தில் "பார்மட் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் போட்டோக்களையும் கல்லூரி புராஜெக்டையும் இழந்துவிட்டு வருந்துபவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டர் கிளம்பாதபோது பெரும்பாலும் உங்கள் பைல்கள் பத்திரமாகவே இருக்கும். அவற்றை அழிப்பது நாம் எடுக்கும் அவசர நடவடிக்கைதான்.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் திரை வரும் வரை, கம்ப்யூட்டர் நான்கு படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது.

1. மின்சாரம் உள்ளே வந்து எல்லா பாகங்களுக்கும் போகிறது.

2. மதர்போர்டில் உள்ள பயாஸ், பிராசசர், ராம், டிஸ்பிளே ஆகியவை சரியாக உள்ளனவா என்று சோதிக்கிறது.

3. விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பயாஸ் தேடுகிறது.

4. விண்டோஸ், டிஸ்க்கிலிருந்து நினைவகத்திற்கு ஏறி இயங்கத் தொடங்குகிறது.

ஒரு படி முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். எனவே நான்காவது படியில் நின்ற கம்ப்யூட்டரில் முதல் மூன்று படிகளும் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். எந்தப் படி வரை வந்தது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது. இப்போது ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை

பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லையா? கேபினட்டைத் திறக்கும் முன் வெளியே பாருங்கள். சுவிட்ச் போர்டில் கரண்ட் வருகிறதா என்று அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யுபிஎஸ் வழியாக இணைத்திருந்தால், யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரடியாக சுவரில் உள்ள பிளக்கில் இணைத்துப் பாருங்கள். யுபிஎஸ் பேட்டரி சில ஆண்டுகளில் பலவீனமாகிவிடும். கேபினட்டின் பின்னால் பவர் கேபிள் செருகும் இடத்திற்கு அருகில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு பக்கம் கோடும் மறுபக்கம் வட்டமும் போட்டிருக்கும். கோடு உள்ள பக்கம் அழுந்தி இருக்க வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது கை பட்டு இது அணைந்துவிடுவது உண்டு.

இவை எல்லாம் சரியாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகப்படலாம். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றித் தருவது இதன் வேலை. கம்ப்யூட்டரை அணைத்திருக்கும்போதும் இது மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பவர் பட்டன் உண்மையில் மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச் அல்ல. "கிளம்பு" என்று மதர்போர்டுக்குச் சொல்லும் மணி போன்றது. மதர்போர்டு அதைக் கேட்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரிவித்த பிறகே மற்ற மின்சாரங்கள் வரும். எனவே மதர்போர்டில் சிறிய விளக்கு எரிந்தும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், பட்டனிலிருந்து மதர்போர்டுக்கு வரும் மெல்லிய ஒயர் கழன்றிருக்கலாம்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும். எறும்பு, பல்லி புகுந்தோ, தூசி அடைத்தோ, மின்னழுத்தம் ஏறி இறங்கியோ எஸ்எம்பிஎஸ் பழுதாகலாம். அது பழுதானால் மாற்றுவதே வழி. உங்கள் டிஸ்க்குக்கும் அதில் உள்ள பைல்களுக்கும் இதனால் பொதுவாகப் பாதிப்பு இருக்காது.

லேப்டாப் என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை இணைத்து ஆன் செய்யுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்தாலே பல லேப்டாப்கள் கிளம்பிவிடும்.

இரண்டாம் படி: ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாக இருக்கிறது

முதலில் மானிட்டரைச் சோதியுங்கள். மானிட்டர் ஆன் ஆகி "நோ சிக்னல்" என்று காட்டினால் மானிட்டர் நன்றாகவே இருக்கிறது, கம்ப்யூட்டரிலிருந்துதான் படம் வரவில்லை. மானிட்டர் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் உள்ள சாக்கெட்டில் செருகினால் படம் வராமல் போகலாம். புதிதாக கம்ப்யூட்டரை இடம் மாற்றி வைப்பவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

ஒரு எளிய சோதனை: கீபோர்டில் நம் லாக் கீயை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உள்ளே இயங்குகிறது, டிஸ்பிளேயில்தான் பிரச்னை. விளக்கு அசையவில்லை என்றால் இரண்டாம் படியிலேயே நின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தச் சோதனைக்கு பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட் என்று பெயர். சுருக்கமாக போஸ்ட் என்பார்கள். 1981ல் வெளிவந்த ஐபிஎம் பிசியிலேயே இது இருந்தது. திரையே வேலை செய்யாதபோது கோளாறை எப்படித் தெரிவிப்பது? பீப் ஒலி மூலம். நீண்ட ஒலி எத்தனை, குறுகிய ஒலி எத்தனை என்று எண்ணி மதர்போர்டு கையேட்டில் பார்த்தால் எந்தப் பாகம் என்று தெரியும். ஒவ்வொரு பயாஸ் நிறுவனத்திற்கும் இந்தக் கணக்கு வேறுபடும் என்பதால் கையேட்டைப் பார்ப்பதே சரி. இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் இருப்பதில்லை. அதற்குப் பதில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் சில மாடல்களில் உண்டு. எந்த விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறதோ அந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தப் படியில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி ராம். ஸ்லாட்டில் சற்றே தளர்ந்திருந்தாலோ, அதன் தங்க நிற முனைகளில் அழுக்குப் படிந்திருந்தாலோ கம்ப்யூட்டர் கிளம்பாது. வாரண்டி நிபந்தனையைப் பார்த்துவிட்டு, கேபினட்டைத் திறக்கலாம் என்றால் இப்படிச் செய்யுங்கள். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு, உங்கள் உடலில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்குங்கள். ராமின் ஓரத்தில் உள்ள கிளிப்பைத் திறந்து ராமை வெளியே எடுங்கள். மிருதுவான வெள்ளை ரப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதாமல் காய்ந்த துணியால் துடையுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். மீண்டும் பொருத்தும்போது கிளிக் என்ற சத்தம் கேட்க வேண்டும். இரண்டு ராம்கள் இருந்தால் ஒன்றை மட்டும் பொருத்தி ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை. எது பழுது என்று தெரிந்துவிடும்.

டிடிஆர்5 ராம் உள்ள புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் முறை ஆன் செய்யும்போதும், ராமை மாற்றிய பிறகும், மதர்போர்டு அந்த ராமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்போது சில நிமிடங்கள் திரை கருப்பாகவே இருக்கலாம். பயந்துபோய் இடையில் அணைக்காதீர்கள். பொறுத்திருங்கள்.

திரையில் தேதி, நேரம் தவறு என்றோ, எஃப்1 கீயை அழுத்தச் சொல்லியோ செய்தி வந்தால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். பொதுவாக இது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கடிகாரக் கடையிலும் கிடைக்கும். விலை மிகக் குறைவு.

மூன்றாம் படி: கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து

"நோ பூட்டபிள் டிவைஸ்", "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" போன்ற செய்திகளைக் கண்டதும் விண்டோஸ் அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். "நான் தேடிய இடத்தில் விண்டோஸ் இல்லை" என்று பயாஸ் சொல்கிறது, அவ்வளவுதான். அது தவறான இடத்தில் தேடியிருக்கலாம்.

முதல் வேலையாக, செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீண்டும் ஆன் செய்யுங்கள். பாட்டு கேட்கச் செருகிய பென் டிரைவில் பயாஸ் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

அடுத்து பயாஸ் திரைக்குள் செல்லுங்கள். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இந்தத் திரை கிடைக்கும். அங்கே எதையும் மாற்றாமல் பட்டியலை மட்டும் பாருங்கள். உங்கள் டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா? இருந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, பூட் வரிசை மாறியிருக்கலாம் அல்லது விண்டோஸின் தொடக்க பைல்கள் கெட்டிருக்கலாம். பெயரே இல்லை என்றால் இணைப்பைப் பார்க்க வேண்டும். சாட்டா வகை டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்கள் உண்டு. ஒன்று தகவலுக்கு, மற்றது மின்சாரத்திற்கு. இரண்டையும் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள்.

இணைப்பு சரியாக இருந்தும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டிக் டிக்" என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருந்தால், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் மீட்கக்கூடிய தகவலும் குறைந்துகொண்டே போகும். முக்கியமான பைல்கள் இருந்தால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

நான்காம் படி: விண்டோஸ் தொடங்குகிறது, முடிவதில்லை

விண்டோஸ் படம் வந்து புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அல்லது முழுத்திரையில் பிழைச் செய்தி வந்து மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. இது சாப்ட்வேர் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாப்ட்வேருக்கு வந்த பிழையான அப்டேட்டால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களில் வேலை நின்றது. இந்தியாவில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களில் ராம் பழுதாகவில்லை, டிஸ்க் பழுதாகவில்லை. முதல் மூன்று படிகளையும் ஒழுங்காகக் கடந்து நான்காவதில் விழுந்தன. சேஃப் மோடில் நுழைந்து அந்தப் பிழையான பைலை நீக்கியதும் கிளம்பின. பார்மட் தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? விண்டோஸ் 10, 11 இரண்டிலும், தொடக்கம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைபட்டால் ரிப்பேர் திரை தானாகவே வரும். வரவில்லை என்றால், விண்டோஸ் படம் தோன்றியதும் பவர் பட்டனை 10 விநாடிகள் அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த முறை அந்தத் திரை கிடைக்கும். பழைய விண்டோஸ் பதிப்புகளில் எஃப்8 கீயை அழுத்தும் வழி இருந்தது. 2012ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது சாதாரணமாக வேலை செய்வதில்லை.

இந்தத் திரையில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் என்று செல்லுங்கள். கீழ்க்கண்ட வரிசையில் முயலுங்கள்.

ஸ்டார்ட்அப் ரிப்பேர்: தொடக்க பைல்களைத் தானே சரிசெய்ய முயலும். உங்கள் பைல்களைத் தொடாது.

அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்: விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் கோளாறு வந்தது என்றால் இதுவே முதல் மருந்து.

சிஸ்டம் ரீஸ்டோர்: முன்பு சேமித்த ரீஸ்டோர் பாயிண்ட் இருந்தால், கம்ப்யூட்டரின் செட்டிங்குகள் அந்த நாளைய நிலைக்குத் திரும்பும். அதன் பிறகு நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். போட்டோ, கடிதம் போன்றவை இருக்கும்.

ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்: ரீஸ்டார்ட் ஆனதும் வரும் பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோட். விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களுடன் இயங்கும். சேஃப் மோடில் கிளம்பினால், அண்மையில் நிறுவிய புரோகிராம் அல்லது டிரைவரை அங்கிருந்தே நீக்குங்கள்.

கடைசியாக உள்ளது ரீசெட் திஸ் பிசி. இதில் இரண்டு தேர்வுகள். "கீப் மை பைல்ஸ்" என்பது உங்கள் பைல்களை வைத்துக்கொண்டு புரோகிராம்களை நீக்கும். "ரிமூவ் எவ்ரிதிங்" என்பது பெயருக்கேற்றபடி எல்லாவற்றையும் அழிக்கும். கவனமாகப் படித்துவிட்டு கிளிக் செய்யுங்கள்.

பார்மட் செய்யும் முன் பைல்களை எடுங்கள்

"சி டிரைவ் மட்டும்தானே பார்மட் பண்றோம், உங்க பைல் எதுவும் போகாது" என்று கடையில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவியிடமும் இப்படித்தான் சொன்னார்கள். அவருடைய இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதும் டெஸ்க்டாப்பில் ஒரு போல்டரில் இருந்தது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய எல்லாமே சாதாரணமாக சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. கடைக்காரரும் கேட்கவில்லை. மீண்டும் எழுத அவருக்கு மூன்று வாரம் ஆனது.

எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் ஆபத்து இன்னும் அதிகம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பார்மட் ஆன பிறகும் ரெக்கவரி சாப்ட்வேர் மூலம் ஓரளவு மீட்க முடிந்தது. எஸ்எஸ்டியில் அழித்த இடங்களை டிஸ்க்கே காலி செய்துவிடுவதால், பெரும்பாலும் மீட்க முடியாது.

விண்டோஸ் கிளம்பாமலே பைல்களை எடுக்க வழி இருக்கிறது. நண்பரின் கம்ப்யூட்டரில், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் உபுண்டு லினக்ஸை லைவ் முறையில் தயார் செய்யுங்கள். அந்த பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலியானதையே பயன்படுத்துங்கள். உங்கள் கம்ப்யூட்டரை அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் இயக்கிப் பார்க்கும் தேர்வைக் கொடுங்கள். உங்கள் டிரைவ் திரையில் தெரியும். பைல்களை வேறொரு வெளி டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளலாம். அல்லது டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் பொருத்தி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தும் எடுக்கலாம்.

இதற்கு ஒரு தடை உண்டு. இன்றைய பல லேப்டாப்களில், குறிப்பாக மைக்ரோசாப்ட் கணக்குடன் விண்டோஸ் 11 அமைத்தவற்றில், டிஸ்க் முழுவதும் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். அப்போது 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ இல்லாமல் யாராலும் பைல்களைப் படிக்க முடியாது. சேஃப் மோடுக்குச் செல்லும்போதும், பயாஸில் மாற்றம் செய்த பிறகும் இந்த எண்ணைக் கேட்கலாம். பெரும்பாலும் இது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். செல்போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருந்தால் கஷ்டம்தான்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்

எல்லாம் முயன்றும் முடியவில்லை என்றால் சர்வீஸ் இன்ஜினியரிடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் "ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் படி வரை வந்தது என்று சொல்லுங்கள். "ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே இல்லை, ராமைக் கழற்றி மாட்டிவிட்டேன்" என்று சொன்னால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சம். திரையில் வந்த செய்தியைச் செல்போனில் படமெடுத்துக் காட்டுங்கள். "என்னைக் கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது" என்று சர்வீஸ் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பாகத்தை மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

உங்கள் கம்ப்யூட்டர் இப்போது நன்றாக இயங்குகிறதா? அப்படியானால் இந்த மூன்றையும் செய்ய இதுவே சரியான நேரம்.

பிட்லாக்கர் கீயை ஒரு நோட்டில் எழுதி, கம்ப்யூட்டர் பில்லுடன் பீரோவில் வையுங்கள்.

முக்கியமான பைல்களை மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததும் கழற்றி வையுங்கள்.

மைக்ரோசாப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ரிப்பேர் திரை வராதபோது, இதிலிருந்து பூட் செய்து அதே ஸ்டார்ட்அப் ரிப்பேரை இயக்கலாம்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். கம்ப்யூட்டரின் பாகங்கள் எது போனாலும் கடையில் வாங்கிவிடலாம். நீங்கள் எடுத்த போட்டோவும் எழுதிய புராஜெக்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது.